செவ்வாய், வெள்ளி, எட்டு இருபது

புந்தா அரேனாஸில் முதலில் காற்றைத்தான் பிடிப்பார்கள்.
கூரை போனால் காற்று.
கல்யாணம் முறிந்தாலும் காற்று.
நண்டு ஏற்றுமதி அலுவலகத்தில்
அஞ்சல் கோப்பு கெட்டபோதும்
மேலாளர் குஸ்மனிச் ஜன்னலைத்தான் காட்டினார்.
ஏணியோடு போயிருந்தேன்.
ஏணிக்கு வேலை இருக்கவில்லை.

கணக்குப் பிரிவின் எர்னா
பதினோரு வருட அஞ்சலை
ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள்:
கொரியாக்காரர்கள் அடித்த பேரம்,
பனியில் நின்றுபோன கப்பல்,
பிரிந்துபோனவன் எழுதிய மூன்று வரி.
பழைய வகைக் கோப்பு.
இரண்டு ஜிகாபைட்டில் அதற்கு ஒரு சுவர் உண்டு.
சுவரில் நெற்றி வைத்து நின்றுகொண்டிருந்தது.

அது அவள் கணினியிலும் இல்லை.
இரண்டு மாடி கீழே, சர்வரில்.
ஒவ்வொரு கடிதத்துக்கும்
கேபிள் வழியே கையை நீட்டி
அங்கே போய் முடிச்சை அவிழ்க்கிறாள்.
நீட்டிய கையை நடுவில் யாராவது வெட்டினால்
அவிழ்ந்தது அவிழ்ந்தபடி கிடக்கும்.

"யார் வெட்டியது?" என்றாள்.

முதலில் பழுதுபார்க்கும் நிரலை ஓட விட்டேன்.
பாதியில் நின்று யோசித்தது.
மாத்தே இலையில் மூன்று முறை வெந்நீர் ஊற்றினோம்.
பிறகு கொட்டியது,
யார் சட்டை எதுவென்று தெரியாத
ஒரு கொடித் துணியை.
2014 முழுசாக வந்தது.
2017இல் மார்ச் இல்லை.
மூன்று வரிக் கடிதம்
பெயர் இல்லாமல், தேதி இல்லாமல்,
இரண்டு வரியாக வந்தது.
மூன்றாவதை அவள் தேடச் சொல்லவில்லை.

பதிவேட்டைத் திறந்தேன்.
இணைப்பு அறுந்த நேரங்கள்:
செவ்வாய், இரவு எட்டு இருபது.
வெள்ளி, எட்டு இருபது.
செவ்வாய், எட்டு இருபத்தொன்று.
ஜனவரியிலிருந்து இப்படியே.
காற்றுக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாது.

வெள்ளிக்கிழமை இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.
மேலே எர்னாவின் திரை
அஞ்சல் பெட்டி திறந்தபடி விழித்திருந்தது,
காலையில் விட்ட இடத்தில் தொடங்கலாமே என்று.
எட்டு பதினெட்டுக்கு நோல்ஃபா வந்தாள்,
சிலோயே தீவுக்காரி,
ஜனவரியில் வாங்கிய
தூசி உறிஞ்சும் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு.
சுவரில் இரண்டே பிளக்.
ஒன்று சர்வருக்கு.
அதை அவள் தொடமாட்டாள்,
பெரிய பெட்டி, முக்கியமானது என்று சொல்லியிருக்கிறார்கள்.
இன்னொன்றில்
பச்சைக் கண் சிமிட்டும் சின்னப் பெட்டி.
சின்னதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பிடுங்கினாள்.
பதினைந்து நிமிடம்.
மறக்காமல் திரும்பச் செருகினாள்.
அவ்வளவு சுத்தமான சர்வர் அறையை
இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
குஸ்மனிச் அதில் ஒரு பெயரை எதிர்பார்த்தார்.
'மூன்றாவது பிளக் இல்லை' என்று எழுதினேன்.
"யெர்கோ, இது ஆள் இல்லையே" என்றார்.
"ஆமாம்" என்றேன்.

மூட்டையைப் பிரித்து
வருடத்துக்கு ஒன்றாகக் கட்டினேன்,
சுவர் இல்லாத புது வகையில்.
எர்னாவின் கணினிக்கே ஏற்றினேன்.
இரவு ஒன்பதுக்கு நகல் மட்டும் கீழே இறங்கும்,
அதுவும் பெட்டியை மூடியிருந்தால்தான்.
"அதாவது,
வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போ என்கிறாய்."
"கிட்டத்தட்ட."
"பதினோரு வருடத்தில்
ஒருவரும் என்னிடம் அதைச் சொன்னதில்லை."
கோட்டுப் பொத்தானைப் போட்டபடியே
மூடினாள்.

எலக்ட்ரீஷியன் வருகிற திங்கள் என்றான்.
எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.
ஜூனில் மறுபடி போனபோது
படிக்கட்டிலிருந்து ஒரு மஞ்சள் நீட்டிப்புக் கம்பி
கீழ்த்தளம் வரை வளைந்து இறங்கியிருந்தது.
சின்னப் பெட்டியின் பிளக் மேல்
மருத்துவமனை வெள்ளை டேப்.
நான் ஒட்டவில்லை. குஸ்மனிச்சும் இல்லை.
அழுத்தி எழுதிய பெரிய எழுத்து:
இதைத் தொடாதே, நோல்ஃபா.
கீழே கையெழுத்து:
நோல்ஃபா.